மேடேறிய தண்ணீர்
(கனசாவா தோட்டத்தில் ஓர் இலையுதிர்காலக் காலை)



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கேட்டபோது, வழக்கம்போல் ஒரு கேன்டீன் கதையோ ஹாஸ்டல் கதையோ எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கதைகளை என்னைவிடச் சுவையாகச் சொல்லும் அண்ணன்மார்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். நான் வேறொரு ஊரின் சரித்திரம் சொல்கிறேன். அதற்கும் நம் கல்லூரிக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு ஹைட்ராலிக்ஸ் லேப் வைவா. சார் கேட்டார்: "தண்ணி மேடு ஏறுமாய்யா?"

"பம்ப் வச்சா ஏறும் சார்."

"பம்ப் இல்லாம?"

முழித்தேன். "போய் யூ டியூபைப் பார்த்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது லேப் மூலையில் நின்ற கண்ணாடி வளைகுழாயை. நான் போனது பிரவுசிங் சென்டருக்கு! அந்த வைவாவில் எனக்கு என்ன மார்க் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலை, வேலை விஷயமாக ஜப்பான் போயிருந்தபோது, ஒரு நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், மேப்பிள் மரங்களுக்கு அடியில் பார்த்தேன்.

ஆறு குணமும் மூன்று சண்டையும்

ஜப்பானின் மேற்குக் கடலோரத்தில் இருக்கிறது கனசாவா நகரம். 1583-இல் மயெதா தொஷியே என்ற பிரபு அங்கே கோட்டைக்குள் குடியேறினார். அன்று முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை மயெதா குடும்பத்தார்தான் அந்தச் சீமையை ஆண்டார்கள். ஷோகுனுக்கு அடுத்தபடியாக அதிக நெல் வருமானம் உள்ள சீமை அது. "பத்து லட்சம் கொக்கு" என்பார்கள். ஒரு கொக்கு என்றால் ஓர் ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாட்டு அரிசி என்று ஏகதேசமாக வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பணம் இருக்கிற வீட்டில் வாள் பிடித்தால் ஷோகுனுக்குச் சந்தேகம் வரும். அவர்கள் கலையையும் தோட்டத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.

கோட்டைக்கு எதிரே உள்ள மேட்டில் ஐந்தாம் பிரபு த்சுனனோரி 1676-இல் ஒரு மாளிகையும் அதைச் சுற்றித் தோட்டமும் அமைத்தார். அது வளர்ந்து வளர்ந்து இன்று 11.4 ஹெக்டேர், அதாவது சுமார் 28 ஏக்கர். பெயர் கென்ரோகுஎன். "ஆறும் சேர்ந்த தோட்டம்" என்று பொருள். 1822-இல் வைத்த பெயர் இது. அந்தப் பெயரைப் பலகைக்கு எழுதிக் கொடுத்தவர் மத்சுதைரா சதனோபு. ஒரு காலத்தில் ஷோகுனின் தலைமை மந்திரியாக இருந்தவர்.

அது என்ன ஆறு? சீனாவில் சோங் அரசர்கள் காலத்தில் லி கெஃபெய் என்பவர் லோயாங் நகரத்துத் தோட்டங்களைப் பற்றி எழுதிய புத்தகத்திலிருந்து வந்த கணக்கு. விசாலம், ஒதுக்குப்புறமான அமைதி, மனிதக் கைவேலை, பழமை, தண்ணீர், தூரக்காட்சி என்று ஆறு குணங்கள். இந்த ஆறும் இரண்டிரண்டாக ஒன்றோடொன்று சண்டை போடுபவை. விசாலமாக அமைத்தால் ஒதுக்குப்புறம் போய்விடும். கைவேலை தெரிந்தால் பழமைக் களை போய்விடும். தண்ணீர் வேண்டுமென்றால் பள்ளத்துக்குப் போக வேண்டும், தூரக்காட்சி வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏற வேண்டும்.

முதல் இரண்டு சண்டைகளை ஒரு நல்ல தோட்டக்காரர் தீர்த்துவிடுவார். மூன்றாவதைத் தீர்க்க என்ஜினியர்தான் வர வேண்டும். கென்ரோகுஎன் மேட்டில் இருக்கிறது, ஊரும் மலையும் தெரிகின்றன. அதே மேட்டில் குளம், ஓடை, அருவி எல்லாம் இருக்கின்றன. தண்ணீர் எப்படி வந்தது?

தீ கொண்டுவந்த வாய்க்கால்

அழகுக்காக வந்த தண்ணீர் இல்லை அது. நெருப்புக்குப் பயந்து வந்தது.

1602-இல் இடி விழுந்து கோட்டையின் உயர்ந்த கோபுரம் எரிந்தது. 1631-இல் ஊரில் பிடித்த தீ கோட்டைக்கும் தாவியது. மரமும் காகிதமும் கொண்டு கட்டிய ஊர், கோட்டையோ மேட்டின்மேல், அணைக்கத் தண்ணீர் போதாது. மூன்றாம் பிரபு தொஷித்சுனே அடுத்த ஆண்டே உத்தரவு போட்டார். சாய் ஆற்றில் மேலே போய்த் தண்ணீரை மறித்து மேடு வழியாகவே கோட்டைக்குக் கொண்டு வர வேண்டும். அந்த வேலையை ஏற்றவர் கொமாத்சு ஊரைச் சேர்ந்த இதாயா ஹெய்ஷிரோ. சாமுராய் அல்ல, நகரத்துச் சாதாரணக் குடிமகன்.

1632-இல் வாய்க்கால் முடிந்தது. தத்சுமி வாய்க்கால் என்று பெயர். நீளம் சுமார் 11 கிலோமீட்டர். அதில் கணிசமான தூரம் மலைச்சரிவுக்குள் சுரங்கமாகப் போகிறது. லெவல் கருவி, டோட்டல் ஸ்டேஷன் எதுவும் இல்லாத காலம். சுரங்கம் தோண்டியதில் ஒரு யுக்தி செய்தார்கள். ஆற்றோரச் செங்குத்துச் சரிவிலிருந்து இடைவெளி விட்டு இடைவெளி விட்டுப் பக்கவாட்டில் துளைகள் போட்டார்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் உள்ளே போய் இரண்டு திசையிலும் தோண்டினார்கள். ஒரே முனையிலிருந்து தோண்டினால் வருடக்கணக்காகும். இப்படிச் செய்தால் ஒரே நேரத்தில் பல இடங்களில் ஆட்கள் வேலை செய்யலாம், மண்ணை உடனே வெளியே தள்ளலாம், காற்றும் வரும். ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒரே சரிவில் சேர வேண்டும். ஒன்று சரிந்தாலும் வாய்க்கால் வீண். அதைச் சரியாகச் சேர்த்தார்களே, அங்கேதான் அந்த மனிதருக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தண்ணீரோடு ஒரு நடை

தோட்டத்துக்கு ஏழு வாசல்கள் உண்டு. டூரிஸ்ட் கூட்டமெல்லாம் கோட்டைப் பக்கத்து வாசல் வழியாக வரும். நான் வேண்டுமென்றே எதிர்க்கோடியில் உள்ள கொதத்சுனோ வாசலில் நுழைந்தேன். வாய்க்கால் வருவது அந்தப் பக்கம்தான்.

நுழைந்ததும் யமசாகியமா என்ற சின்னக் குன்று. நவம்பரில் அதைப் பார்க்க வேண்டும்! மேப்பிள் இலைகள் ஒரே மரத்தில் பச்சை, மஞ்சள், குங்குமச் சிவப்பு என்று கலந்து கிடந்தன. அன்று லேசான தூறல். நனைந்த இலை காய்ந்த இலையைவிடப் பளிச்சென்று இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. குன்றின் அடிவாரத்தில், பாறைக்கு நடுவிலிருந்து, சத்தமே இல்லாமல் தண்ணீர் வெளியே வருகிறது. யாரும் நின்று பார்க்கவில்லை, எல்லோரும் மேலே பார்த்து இலையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "வந்தாயா ராசா!" என்று நான் மட்டும் குனிந்து நின்றேன்.

அங்கிருந்து அந்த ஓடை வளைந்து வளைந்து போகிறது. சரிவு இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குச் சரிவு. இலைகள் அதில் மிதந்து, நம் நடையைவிடக் கொஞ்சம் மெதுவாக, கூடவே வந்தன. ஓர் இடத்தில் 11 சிவப்புக் கற்களைக் கோணலாக அடுக்கி, வானில் போகும் வாத்து வரிசைபோல ஒரு பாலம். இன்னோர் இடத்தில் வேர்கள் தரைக்குமேல் எழும்பி நிற்கும் ஒரு பைன் மரம். மண்மேட்டில் நட்டு வளர்த்து, பிறகு மண்ணை எடுத்துவிட்டார்களாம்.

வழியில் ஒரு வெண்கலச் சிலை. யமதோ தகேரு என்ற புராண வீரனுடையது. 1877-இல் தெற்கே நடந்த கலகத்தில் செத்துப்போன இந்த ஊர்ப் படைவீரர்களின் நினைவாக 1880-இல் வைத்தார்கள். அதன்மேல் புறாவும் காக்கையும் உட்காருவதில்லை. ஏன் என்று கனசாவா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் யுகியோ ஹிரோசே ஆராய்ந்தார். அந்த வெண்கலத்தில் ஆர்சனிக் அதிகம். இதற்காக அவருக்கு 2003-இல் வேதியியலுக்கான "இக் நோபல்" பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு அது. தம்பிகளே, புராஜெக்ட்டுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று இனிமேல் யாரும் சொல்லக் கூடாது!

இன்று பிளம் மரங்கள் நிற்கிற பக்கத்தில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் இருந்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1792-இல் சீமையின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மெய்ரிந்தோ என்ற கல்விச்சாலை. பன்னிரண்டாம் பிரபு நரினகா ஓய்வெடுக்க அரண்மனை கட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அரண்மனை 1822-இல் முடிந்தது. இரண்டே வருடத்தில் பிரபு இறந்தார். அவர் மகன் நரியசு அரண்மனையை இடித்துவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்துக் குளத்தை விரிவாக்கினார். பள்ளிக்கூடம் போச்சு, அரண்மனை போச்சு, தண்ணீர் மட்டும் இருக்கிறது.

கயிறு கட்டுகிறவர்கள்

ஓடை வந்து சேருவது கசுமிகா குளத்தில். ஜப்பான் காலண்டரில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய இரட்டைக்கால் கல்விளக்கு இதன் கரையில்தான் இருக்கிறது. ஒரு கால் தண்ணீருக்குள், ஒரு கால் கரைக்கல்லின்மேல், குட்டையாக. கொதோ என்ற தந்தி வாத்தியத்தில் தந்தியைத் தாங்கும் குதிரையைப் போன்ற வடிவம்.

ஆனால் அன்று என்னைக் கட்டிப்போட்டது விளக்கு அல்ல, கரையில் நடந்த வேலை. நரியசு, பீவா ஏரிக்கரையில் உள்ள கராசாகியிலிருந்து விதை வரவழைத்து வளர்த்த பைன் மரம் அங்கே நிற்கிறது. கிளைகள் குளத்தின்மேல் படுத்த மாதிரி நீண்டிருக்கும். கனசாவாவில் விழும் பனி ஈரப்பனி, கனம் அதிகம். அப்படியே விட்டால் கிளை முறியும். ஆகவே ஒவ்வொரு வருடமும் நவம்பர் 1-ஆம் தேதி இந்த மரத்தில்தான் "யுகித்சுரி" வேலையைத் தொடங்குவார்கள். உயரமான கம்பங்களை நட்டு, அவற்றின் உச்சியிலிருந்து குடைக்கம்பிபோல வைக்கோல் கயிறுகளை இறக்கி, ஒவ்வொரு கிளையையும் தூக்கிக் கட்டுவார்கள். இந்த ஒரு மரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 800 கயிறுகள். பழம் கனத்துக் கிளை ஒடியாமல் ஆப்பிள் தோட்டத்தில் கட்டுகிற முறையிலிருந்து வந்ததாம். நம் ஊர் கேபிள் பாலமேதான்! ஒரே வித்தியாசம், இந்தப் பாலத்தை மார்ச்சில் பிரித்து, நவம்பரில் மறுபடி முதலிலிருந்து கட்டுவார்கள்.

நான் போனபோது அந்த மரம் முடிந்து, அடுத்த மரங்களில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். வயதான ஒருவர் கீழே நின்று, உச்சியிலிருந்து சுருளாக வீசும் கயிற்றைப் பிடித்து, கிளையில் முடிச்சுப் போட்டு, விரலால் சுண்டிப் பார்த்தார். திருப்தி இல்லை. அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பக்கத்தில் கொஞ்சம் பேர் மண்டியிட்டு, பாசியின்மேல் விழுந்த இலைகளைப் பாசி பெயராமல் சின்னத் துடைப்பத்தால் கூட்டினார்கள். ஒரு பக்கம் கூட்டக் கூட்ட இன்னொரு பக்கம் இலை விழுந்துகொண்டே இருந்தது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

எனக்கு உள்ளே சுருக்கென்றது. காரணம் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் "டிசைன்" பிரிவில் இருந்தேன். பராமரிப்புப் பிரிவுக்காரர்களைப் பார்த்தால் எங்களுக்கு ஓர் இளக்காரம். ஒரு குடிநீர்க் குழாய்ப் பாதை வரைந்தபோது, தாழ்வான இடத்தில் வண்டலை வெளியேற்ற ஒரு வால்வு வேண்டும் என்று அனுபவஸ்தரான ஃபிட்டர் ஒருவர் சொன்னார். செலவு கூடுகிறது என்று நான் அடித்துவிட்டேன். மூன்றாவது வருடம் குழாய் அடைத்துக்கொண்டது. ரோட்டைத் தோண்டி எடுத்தவர் அவர்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அகழிக்கு அடியில்

குளத்திலிருந்து கீழே இறங்கினால் ஒரு நீரூற்று. 1861-இல் வைத்தது. ஜப்பானின் மிகப் பழைய நீரூற்று இதுதான் என்பார்கள். மோட்டார் கிடையாது. மேலே இருக்கிற குளத்தின் மட்டத்துக்கும் இதன் வாய்க்கும் உள்ள வித்தியாசமே தண்ணீரைச் சாதாரணமாக மூன்றரை மீட்டர் உயரம் தூக்குகிறது. குளத்தில் தண்ணீர் குறைந்தால் ஊற்றும் குறையும். அப்புறம் 1774-இல் அமைத்த பச்சை அருவி, அதே வருடத்தின் தேநீர்க் குடில் யூகாவோதெய் எல்லாம் பார்த்துக்கொண்டு கோட்டைப் பக்கத்து வாசலுக்கு வந்தேன்.

இங்கேதான் விஷயமே. தோட்டம் ஒரு மேடு. கோட்டை எதிர் மேடு. நடுவில் அந்தக் காலத்தில் ஆழமான அகழி, இப்போது அதில் ரோடு ஓடுகிறது, மேலே பாலம். தோட்டத்து மேடு வரை வந்த தண்ணீர் கோட்டைக்குள் எப்படிப் போகும்? தொட்டிப் பாலம் கட்டினால் எதிரி முதல் நாளே உடைப்பான்.

ஹெய்ஷிரோ குழாயில் இறக்கினார். தோட்டத்து மேட்டிலிருந்து மூடிய குழாய் கீழே இறங்கி, பள்ளத்தைக் கடந்து, எதிர் மேட்டில் ஏறுகிறது. நுழைகிற வாய் வெளியேறுகிற வாயைவிட உயரத்தில் இருந்தால் போதும், தண்ணீர் தானே ஏறும். நாம் தலைகீழ் சைஃபன் என்று படித்தோமே, அதுதான். சார் காட்டிய யூ டியூப்! 10 மீட்டர் இறங்கினால் அடிமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். எழுத்தில் சுலபம். 1632-இல் மரத்தைக் குடைந்த குழாய்களை, அந்த அழுத்தத்தில் இணைப்புக் கசியாமல் சேர்ப்பதுதான் கஷ்டம். மரம் உளுத்துப்போகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நூற்றாண்டு கழித்து, 1840-களில், மரக்குழாய்க்குப் பதிலாகக் கல்லைக் குடைந்த குழாய்களைப் போட்டார்கள். அப்படியென்றால் இருநூறு வருடம் யாரோ அந்த மரக்குழாயைத் தோண்டி, பார்த்து, மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

ஹெய்ஷிரோவைப் பற்றியே அதிகம் தெரியாது. இரகசியம் வெளியே போகக் கூடாதென்று வேலை முடிந்ததும் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதைதான், ஆதாரம் இல்லை. ஆனால் வாய்க்கால் தொடங்கும் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. என்ஜினியருக்குக் கோயில்!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீர் வந்த பிறகும் தீ நின்றுவிடவில்லை. 1759-இல் நகரத்தின் பெரும்பகுதியும் கோட்டையும் எரிந்தன, தோட்டத்து மாளிகையும் போயிற்று. பச்சை அருவியும் தேநீர்க் குடிலும் அதற்குப் பிறகு மீட்டெடுத்தபோது வந்தவை. 1881-இல், கோட்டை ராணுவத்தின் கையில் இருந்தபோது, உள் அரண்மனை மறுபடி எரிந்தது. 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் கோட்டையின் கல்சுவர்கள் சில இடங்களில் சரிந்தன. எந்த வேலையும் ஒரே தடவையில் முடிந்துவிடுவதில்லை என்றுதான் இந்த ஊர் நானூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1874-இல் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2010-இல் வாய்க்கால் தேசிய வரலாற்றுச் சின்னமானது. பிரபுக்கள் போய்விட்டார்கள், தண்ணீர் இன்றும் அதே வழியில்தான் தோட்டத்துக்கு வருகிறது.

நம் கிணறு

இனி நம் கதை. போன கூட்டத்தில், சங்கத்தின் சேமிப்பை வைத்துக் கல்லூரி முகப்பில் ஒரு நினைவு வளைவு கட்டலாமா, அல்லது ஹாஸ்டலுக்குப் பின்னால் உள்ள பழைய கிணற்றுக்கும் அதற்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்கும் வருடா வருடம் பராமரிப்பு நிதி வைக்கலாமா என்று விவாதம் நடந்தது நினைவிருக்கும். வளைவுக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வளைவில் நம் அணியின் பெயர் இருக்கும், வாய்க்கால் தூர் வாரினால் யார் பெயர் இருக்கப்போகிறது என்று பேசியதும் நான்தான்.

அந்தக் கையை இப்போது இறக்கிக்கொள்கிறேன். நம்மில் பலர் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் எட்டரை மணி வகுப்புக்கு ஓடினோம். வாய்க்காலில் இப்போது பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது, ஹாஸ்டலுக்குக் கோடையில் லாரித் தண்ணீர் வருகிறது. ஒரு தடவை தூர் வாரினால் போதாது. ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் வார வேண்டும். அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். விழா அன்று நடக்கும் பொதுக்குழுவில் இதை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆண்டுதோறும் என் பங்கையும், மழைக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் தரத் தயாராக இருக்கிறேன். மண்வெட்டி பிடிக்க மாணவர்கள் சிலர் கூட வந்தால், வாய்க்காலின் சரிவை எடுப்பது எப்படி என்று அங்கேயே பாடமும் நடத்திவிடலாம்.

ஓய்வு பெற்ற நம் ஹைட்ராலிக்ஸ் சாரும் விழாவுக்கு வருகிறாராம். சார், வைவாவில் பாக்கி வைத்த கேள்விக்குப் பதில்: பம்ப் இல்லாமலும் தண்ணீர் மேடு ஏறும். புறப்படுகிற இடம் உயரத்தில் இருந்தால் போதும், நடுவில் இருக்கிற குழாயை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.